காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் போலியா?

மாட்டுங்கா பாத்திரக் கடைகளுக்குப் போகும் நம் பெண்மணிகளில் சிலர் கைப்பையில் ஒரு காந்தத்தை எடுத்துப் போகிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஏழுமலையானையே கழற்றிக்கொண்டு வந்து டவராவின் அடியில் வைத்துப் பார்த்தவர்களையும் நான் அறிவேன். காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர், ஒட்டினால் போலி என்பது நம் வீடுகளில் வேத வாக்காகிவிட்டது. சங்கத்து நண்பர்கள் பலர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாட்டுங்கா கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளின் துருவோடு மல்லுக்கட்டியே முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில், இரும்பைப் பற்றிப் பேச அடியேனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கூடவே வீட்டில் புழங்கும் வேறு சில பொருட்களைப் பற்றியும், கடைசியில் நாம் குடியிருக்கும் கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எவர்சில்வர். இது வெள்ளியும் இல்லை, தனி உலோகமும் இல்லை. இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருக்கினால் வருவது. குரோமியம் ஏறத்தாழ பத்தரை சதவீதத்துக்கு மேல் போனால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. துருவைத் தடுப்பது இந்தப் படலம்தான். தேங்காய் நாரையும் சாம்பலையும் போட்டு எத்தனை தேய்த்தாலும் சுரண்டப்பட்ட இடத்தில் அது தானே மறுபடி வளர்ந்துவிடும். கில்ட் பூசியது, பெயின்ட் அடித்தது எதற்கும் இந்தக் குணம் கிடையாது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமல் இருக்க என்ன சேர்க்கலாம் என்று தேடப் போய், இப்படிப்பட்ட எஃகைக் கண்டார்.

சரி, காந்தம்? இரும்பின் அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைப் பொறுத்தது அது. சாதாரண இரும்பின் அடுக்கில் காந்தம் ஒட்டும். அதில் நிக்கலைச் சேர்த்தால் அடுக்கின் அமைப்பே மாறிப்போய், காந்தம் பிடிப்பதில்லை. நல்ல பாத்திரத்துக்கான 304 என்ற ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். சில பாத்திரங்களின் பெட்டியில் 18/8 என்று அச்சிட்டிருப்பதற்கு இதுதான் அர்த்தம். இதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கல் இல்லாமல் 17 சதவீதம் போலக் குரோமியம் மட்டும் கொண்ட 430 என்ற ரகமும் அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதில் காந்தம் ‘டப்’பென்று ஒட்டும். ஆக, ஒட்டினால் போலி என்பது தவறு.

அதைவிடப் பெரிய சங்கதி, ஒட்டாவிட்டால் நல்லது என்பதும் தவறு! நிக்கல் விலை அதிகம். அதைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் இன்று அதிக நிக்கல் எடுக்கும் நாடு இந்தோனேசியா. அதனால் நிக்கலைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்து 200 வரிசை என்று ஒன்று செய்கிறார்கள். மாங்கனீஸும் நிக்கலைப் போலவே அணு அடுக்கை மாற்றிவிடும் என்பதால் காந்தம் ஒட்டாது. பளபளப்பும் அதேதான். ஆனால் உப்பையும் புளியையும் தாங்கும் சக்தி குறைவு. புளிக்குழம்பை இரவு முழுக்க வைத்தால் அடியில் குண்டூசிப் புள்ளிகள் விழுவது பெரும்பாலும் இந்த ரகத்தில்தான். உங்கள் காந்தம் இதைக் கண்டுபிடிக்காது. இரண்டையும் ஒரே தட்டில் எடை போட்டு விற்கும் கடைக்காரருக்கு உங்கள் காந்தம் உதவிதான் செய்கிறது.

குர்லாவிலும் தாராவியிலும் இருக்கும் பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் இதற்கு வழி இருக்கிறது. ஒரு சொட்டு ரசாயனத்தை விட்டு, சின்ன பேட்டரியைத் தொடுவார்கள். மாங்கனீஸ் அதிகமானால் சிவக்கும். நமக்கு அது வேண்டாம். ரகத்தின் எண் பொறித்த பாத்திரமா என்று பார்த்து வாங்கினால் போதும். இன்னொன்று. 304 பாத்திரத்திலும் விளிம்பு மடித்த இடத்தில், ஆழமாக அழுத்தி எடுத்த மூலையில், காந்தம் லேசாக இழுக்கும். குளிர்ந்த நிலையில் அடித்து வளைக்கும்போது அங்கே மட்டும் அணு அடுக்கு பழையபடி திரும்புவதால் வருவது அது. பயப்பட ஒன்றுமில்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்கு என்று விற்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுப்பு அதைக் கண்டுகொள்ளாது. அதற்காகவே அடியில் 430 தகட்டை வைத்து ஒட்டுகிறார்கள்.

இந்தக் குரோமியம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் கிட்டத்தட்ட முழுவதும் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கிலிருந்து. மாங்கனீஸ் நமக்குப் பக்கத்திலேயே, நாக்பூர், பண்டாரா, எல்லை தாண்டினால் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட். தகடு? சேலம்! நான் பிறந்து டிப்ளமா படித்த ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1981 முதல் சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறார்கள். அந்த ஆலைக்காக எங்கள் பக்கத்தில் பல வருஷம் போராட்டம் நடந்தது. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, அதை வைத்து ஆலை நடக்கும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். கடைசியில் கஞ்சமலைத் தாது தரம் குறைந்தது என்பதால் ஆலைக்குள் வரவேயில்லை. வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் உருட்டத் தொடங்கினார்கள். மலை மட்டும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

ஆனால் அந்த மலைக்கு ஒரு பழைய கதை உண்டு. சேலம் பக்கத்துத் தாதை நம்பி, ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அடுப்புக்குக் காடு காடாக வேண்டியிருந்தது, கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் தரம் உயரும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையைச் சற்றே மாற்றிச் செய்து, பணமும் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டே வாழ்க்கை முடிந்தது அவருக்கு. கொடுமணலில் நம் முன்னோர்கள் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நம் நாட்டு உருக்கை வாங்கி 1819 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ச்சியே செய்தார். அந்தப் பெருமையெல்லாம் மேடையில் அடிக்கடி கேட்கிறோம், இங்கே விரிக்கவில்லை.

மாங்கனீஸ் என்றதும் ரயில்வேக்காரனுக்கு நினைவு வருவது பாத்திரமல்ல, கிராஸிங். ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் குறுக்கே கடக்கும் இடத்தில் சக்கரம் இடைவெளியைத் தாண்டி ‘தடக்’ என்று விழுகிறதே, அந்தத் துண்டு சாதாரண எஃகாக இருந்தால் சீக்கிரம் நசுங்கிவிடும். 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர் 12, 13 சதவீதம் மாங்கனீஸ் சேர்த்து வார்த்த எஃகு, அடி வாங்க வாங்க மேற்பரப்பு கெட்டிப்படும் குணம் கொண்டது. குர்லாவிலும் தாதரிலும் மூன்று நிமிஷத்துக்கு ஒரு லோக்கல் அதன் தலையில் ஏறி இறங்குகிறது. அதுவும் எஃகுதான், ஆனால் அதில் காந்தம் ஒட்டாது. பாதைப் பிரிவுப் புது ஆட்களிடம் காந்தத்தைக் கொடுத்து இதைக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

என் வேலை பெட்டிகளோடு. 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கிய பிறகு மரப் பெட்டிகள் படிப்படியாகப் போய் முழு எஃகுப் பெட்டிகள் வந்தன. மரம் என்றால் தேக்கு. நான் சேர்ந்தபோது இருந்த பழைய தச்சர்கள், ரிப்பேருக்கு வந்த பெட்டியின் தேக்குச் சட்டத்தை மோந்து பார்த்தே பர்மாவா மலபாரா என்று சொல்வார்களாம். எஃகுக்கு மோப்பம் உதவாது. பெட்டியின் தரையைத் தூக்கினால் கழிவறைக்கு அடியில்தான் துரு முதலில் பிடித்திருக்கும், அப்புறம் கதவு ஓரம், அப்புறம் ஜன்னலுக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கும் மூலை. சிறுநீரின் உப்பும் ஈரமும் காற்றும் சேரும் இடம் எதுவோ அங்கே. செம்பும் குரோமியமும் பாஸ்பரஸும் கொஞ்சம் சேர்த்த ‘கார்ட்டன்’ வகை எஃகைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சுவருக்கு நன்றாகவே உழைத்தது. ஆனால் நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அதன் மேல் நல்ல படலம் பிடிக்கும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் மூலையில் அதுவும் துருத்தான். ஜெர்மன் முறை எல்.எச்.பி. பெட்டிகளின் உடம்பில் ஸ்டெயின்லெஸ் வந்த பிறகுதான் எங்கள் வெல்டர்களுக்கு மூச்சு வந்தது. 2018 தொடக்கத்தில் ஐ.சி.எஃப். தன் பழைய மாதிரிப் பெட்டி கட்டுவதை நிறுத்தியது. எல்.எச்.பி.யின் பக்கச் சுவரில் காந்தம் ஒட்டும் ரகம்தான் போடுகிறார்கள். ராஜதானி எக்ஸ்பிரஸ் போலியா என்ன?

பாத்திரத்துக்குத் திரும்பினால், காந்தத்தைவிட ஆயிரம் மடங்கு கவனம் கேட்பது ஈயச் சொம்பு. ரசத்துக்கு அதுதான் வேண்டும் என்பவர்கள் நம்மில் நிறைய. ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் நம் மொழி இரண்டு உலோகங்களை வைத்திருப்பதால் வரும் ஆபத்து இது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. காரீயம் விலை மலிவு, கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரசத்தின் புளிப்பு அதைச் சுலபமாகக் கரைத்து எடுக்கும். காரீயம் கனமானது: ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம், வெள்ளீயம் 7.3 தான். வெள்ளைத் தாளில் இழுத்தால் காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும். சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் ‘கிறீச்’சென்று சத்தம் போடும். கலப்படம் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைகளில் சிக்காது என்பதால், தெருவில் கூவி விற்பவரிடம் வாங்காதீர்கள் என்பேன். பரிசோதனைக்கூடத்தில் பார்த்துச் சான்று கொடுக்கும் கடையாக இருக்கட்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், ஆகவே ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போனால் திரும்பி வரும்போது பர்னரில் உலோகக் குட்டைதான் மிஞ்சும். பித்தளைக்குக் கலாய் பூசுபவருக்கும் இதே விதி: அவர் கையிலிருக்கும் குச்சி வெள்ளீயமா என்று கேளுங்கள்.

அலுமினியம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அணையின் மின்சாரத்தை நம்பி, 1965-ல் மேட்டூரில் ஆலை நடத்தினார்கள். பாக்சைட்டிலிருந்து உலோகத்தைப் பிரிக்க ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் எங்கே மலிவோ அங்கே போகும் தொழில் அது. மேட்டூரில் 2008-ல் உருக்குவதை நிறுத்திவிட்டார்கள். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்க்க இதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். நசுங்கிய இட்லிக் கொப்பரைக்குக் கபாடிவாலா நல்ல விலை கொடுப்பதற்குக் காரணம் உங்கள் முகம் அல்ல.

கபாடிவாலாவிடமிருந்து அது எங்கே போகிறது? தாராவிக்கு. அங்கே 13-வது கம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் பெண்களும் பையன்களும் செய்வதை எந்தப் பாலிடெக்னிக்கிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. ஒரு துண்டைக் கையில் எடுத்து மடக்குவார்கள், நகத்தால் கீறுவார்கள், தரையில் போட்டுச் சத்தம் கேட்பார்கள். ‘டணங்’ என்றால் ஒரு குவியல், ‘தொப்’ என்றால் வேறு. பிறகு தண்ணீர்த் தொட்டி. பக்கெட், எண்ணெய் கேன், பால் கவர் எல்லாம் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வகை. தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். தண்ணீர் பாட்டில் பெட் வகை, பைப்பு பி.வி.சி.; இரண்டும் 1.38 அளவு கனம், மூழ்கும். இன்னும் சந்தேகம் வந்தால் ஒரு நுனியைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். மெழுகு வாசனை அடித்தால் பாலிஎத்திலீன். மூக்கைச் சுடும் காரம் வந்தால் பி.வி.சி., ஏனென்றால் அது எரியும்போது வெளியேறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி. பத்து மணி நேரம் அதை மோந்து பார்த்து வேலை செய்பவருக்கு நுரையீரல் என்ன ஆகும்? முகத்துணி கூட இல்லாமல்தான் பலரைப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண் அச்சடிக்கும் பழக்கம் 1988-ல் அமெரிக்காவில் தொடங்கியது. எல்லாப் பொருளிலும் அது தெளிவாக இருந்தால் மூக்குக்கு வேலையே இல்லை. நாம் வீட்டில் பைப்புத் துண்டையும் ஒயரையும் பாட்டிலோடு கலக்காமல் தனியே கட்டிப் போட்டாலே ஒருவருக்கு ஒரு மூச்சு மிச்சம்.

இந்த பிளாஸ்டிக்கின் பிறப்பிடமும் நமக்கு அந்நியமல்ல. 1968-ல் நோசில் கம்பெனி நம் தானே–பேலாப்பூர் சாலையில்தான் நாஃப்தாவைப் பிளந்து எத்திலீன் எடுத்தது. அந்த ஆலை இப்போது இல்லை. அந்தச் சாலையோரம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துவிட்டன.

இனி கூரை. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றினேன்.

ஐரோலி எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தானே கழிமுகம், மறு பக்கம் பார்சிக் மலை. 1999-ல் முலுண்டுப் பாலமும் 2004-ல் ரயில் நிலையமும் வந்த பிறகு நம்மவர்கள் செம்பூரையும் முலுண்டையும் விட்டு இங்கே நிறைய வந்தார்கள். குளிர்காலத்தில் செந்நாரைக் கூட்டம் வருகிறது, பார்க்க அழகு. ஆனால் செந்நாரைக்குப் பிடித்த அந்த உப்புச் சேறும் உப்புக் காற்றும் கான்கிரீட்டுக்குப் பிடிக்காது.

நம் கட்டிடங்கள் எவற்றால் ஆனவை? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரியில் சுட்டு அரைத்த சிமெண்ட். இந்தப் பக்கத்து மலைகளை உடைத்த ஜல்லி. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், அதில் குற்றம் சொல்ல முடியாது. மணல்? அந்தக் காலத்தில் பெரும்பாலும் கழிமுகத்தில் அள்ளியது. மும்ப்ரா பக்கம் ரேதிபந்தர் என்ற பெயரே மணல் துறை என்றுதான் அர்த்தம். அதை நல்ல தண்ணீரில் அலசிப் போட்டவர் உண்டு, போடாதவரும் உண்டு. உள்ளே கம்பி? எண்பதுகளில், தொண்ணூறுகளில் ‘டார் ஸ்டீல்’ என்று முறுக்கிய கம்பி. குளிர்ந்த நிலையில் முறுக்கியதால் பலம் கூடியது, துருப் பிடிக்கும் ஆசையும் கூடியது. இப்போது வருவது டி.எம்.டி. கம்பி: செக்கச் சிவந்த கம்பியை உருட்டியவுடன் தண்ணீரைப் பீய்ச்சி மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்துகிறார்கள், உள்ளே இளக்கமாக இருக்கும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் சாதாரணக் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? சிமெண்ட் கடுமையான காரம். பி.எச். அளவில் 12, 13. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. எவர்சில்வருக்குக் குரோமியம் செய்வதை இங்கே காரம் செய்கிறது. அதைக் கெடுப்பவர் இருவர். ஒருவர் உப்பு; படலத்தை ஊசி போலக் குத்தித் துளைப்பார். இன்னொருவர் காற்றிலுள்ள கரியமில வாயு; வருஷத்துக்குக் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்து காரத்தைத் தணித்துக்கொண்டே போவார். பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கியதும் படலம் போய்விடும். அதன் பிறகு துரு. துரு என்பது இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் அடைக்கும். உள்ளே வீங்க இடமில்லாமல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சீலிங்கில் கம்பியின் நேர்க்கோட்டிலேயே விரிசல் ஓடினால், அது பெயின்ட் விரிசல் அல்ல.

கம்பிக்கு மேல் எத்தனை கனம் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. 1978-ம் வருஷத்து ஐ.எஸ். 456-ல் ஸ்லாபுக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றிருந்தது. 2000-ல் திருத்தி, கடற்காற்று படும் இடங்களுக்கு நிலைமையைப் பொறுத்து 30, 45 மில்லிமீட்டர் என்று உயர்த்தினார்கள். 2000-க்கு முன் கட்டிய வீட்டில் இருக்கும் நாம் எல்லோரும் அந்தப் பழைய விதிக்குள் குடியிருக்கிறோம்.

எங்கள் சொஸைட்டி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டியது. மூன்றாம் மாடி வீடொன்றின் சமையலறையில் ஒரு நாள் அதிகாலை, கை அகலத்துக்கு ஒரு துண்டு அடுப்பு மேடையில் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. கூட்டம் போட்டோம். ஒரு கான்ட்ராக்டர் வந்தார், பெயர் வேண்டாம். பிளாஸ்டர் பூசி, உள்ளே பி.ஓ.பி. சீலிங், வெளியே பெயின்ட், இரண்டு மாதத்தில் புதுக் கட்டிடம் என்றார். தொகை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் பையனுக்கு இன்ஜினியரிங் அட்மிஷன். வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் இருப்பவர் போனில், நான்தானே குடியிருக்கவில்லை என்றார். என் பேச்சை யாரும் கேட்பதாக இல்லை.

அப்போது எதிர் வீட்டு மராத்தி ஆசிரியை பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபினாப்தலீன் கரைசல் கொஞ்சம் கொண்டு வந்தார். நான் கேட்டிருந்தேன். விழுந்த இடத்தின் விளிம்பில் புதிதாக ஒரு சில்லைத் தட்டி எடுத்து, தூசி ஊதி, எல்லோர் எதிரிலும் அதைத் தெளித்தோம். காரம் உயிரோடிருக்கும் கான்கிரீட் பீட்ரூட் நிறத்துக்கு மாறும். போய்விட்ட இடம் சாம்பல் நிறமாகவே இருக்கும். மேலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை நிறமே வரவில்லை. அதற்கு அப்பால் நல்ல சிவப்பு. கம்பி ஓடியது ஒன்றரை சென்டிமீட்டரில். வெளிறிய பட்டைக்குள் கம்பி நிற்பதைக் குழந்தைகள் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். ‘கூரை முழுக்க இப்படியா?’ என்று முதலில் கேட்டவர் கல்யாண வீட்டு அம்மாதான். அன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டுக்குத் தீர்மானம் ஆயிற்று. 30 ஆண்டு கடந்த கட்டிடத்துக்கு நம் மாநிலத்தில் அது சட்டப்படியே கட்டாயம், தீர்மானம் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சோதனை கரியமில வாயு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். உப்பைக் காட்டாது. சிவப்பாக இருக்கும் கான்கிரீட்டிலும் உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். அதற்குத் துளை போட்டுப் பொடி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆடிட் செய்ய வருபவர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினால் விடாதீர்கள்.

பூச்சு ஏன் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துருவின் மேல் பூசினால் துரு நிற்பதில்லை, வீங்கிக்கொண்டே இருக்கும். பூச்சோடு சேர்ந்து விழும். பி.ஓ.பி. சீலிங் இன்னும் மோசம், விழப்போவதை மறைத்து வைக்கும். சரியான முறையில், முதலில் கீழிருந்து ஜாக் கொடுத்துத் தாங்க வேண்டும். கம்பியின் பின்புறம் வரை விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, வெள்ளையாக வரும்வரை துருவைத் தேய்க்க வேண்டும். கம்பி கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி. அப்புறம் காப்புப் பூச்சு, அப்புறம் பாலிமர் கலந்த கலவை அல்லது மைக்ரோ கான்கிரீட். அதற்கெல்லாம் முன்னால் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும்: மேல் வீட்டுப் பாத்ரூம், மொட்டை மாடி. கொத்தும் ஆளுக்கு அவசரம் இருக்கும். பூசும் முன் சொஸைட்டி ஆள் ஒருவர் ஏணியில் ஏறிக் கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும் என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். பெரும்பாலும் நான்தான் ஏறுகிறேன், வீட்டில் திட்டு விழுகிறது.

இப்போது மொட்டை மாடியில் வேலை நடக்கிறது. நம் பம்பாய்க்கே உரிய பிரிக்பேட் கோபாவை உடைத்து எடுக்கிறார்கள். செங்கல் துண்டு பரப்பிச் சாந்து ஊற்றும் அந்த அடுக்கு, நாலு அங்குலக் கனத்தில் சதுர மீட்டருக்கு 200 கிலோ வரும். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியது போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று அடுக்கு. மொட்டை மாடியில் ஆள் நடமாட, வடாம் காயவைக்க என்று சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம்தான் கணக்கில் சேர்ப்பது வழக்கம். தலைக்கு மேல் 600 கிலோவைச் சுமந்துகொண்டு, மெலிந்த கம்பியோடு அந்த ஸ்லாப் இத்தனை மழைக்காலம் நின்றிருக்கிறது. ஜூனுக்குள் முழுவதும் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை பதினோரு லாரி போயிருக்கிறது.